மணிப்பூவும் குடப்பூவும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

தாவரவியல் பயிலும் நாங்கள் எல்லோரும் ராஸ்பெர்ரியை அறிவோம். திரள்கனிக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூலில் அதன் படம் உண்டு. செய்முறை ஏட்டில் அதை வரைந்து, நிழல் தீற்றி, பாகங்களைக் குறித்து, கையொப்பமும் வாங்கியிருக்கிறோம். ஆனால் எங்கள் வகுப்பில் ஒருவரேனும் அதைத் தின்றதில்லை. கண்ணால் கண்டதும் இல்லை. பக்கத்துக் கொடைக்கானல் மலையில் அதன் காட்டு உறவினங்கள் முள்ளும் பழமுமாய்ப் புதர்களில் கிடக்கின்றன என்று எங்கள் பேராசிரியர் கூறிய பிறகுதான் அந்தப் படத்தின்மேல் எங்களுக்குச் சிறிது பற்று வந்தது. "சீத்தாப்பழமும் திரள்கனிதானே ஐயா, அதை வரைந்தால் ஆகாதா?" என்று பின்வரிசை நண்பர் ஒருவர் கேட்டார். வரைந்து முடித்துத் தின்னவும் செய்யலாம்! நியாயமான கேள்விதான்.

ஆனாலும் அந்த ராஸ்பெர்ரியைத் தேடிப் போனதில் எனக்கு ஒரு நன்மை விளைந்தது. நம் நூலகத்தில் அட்டை கிழிந்த ஆங்கிலத் தோட்டக்கலை நூல் ஒன்று கிடைத்தது. இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கும் ராஸ்பெர்ரி, பிளாக்கரண்ட், கூஸ்பெர்ரி முதலியவற்றை மென்கனிகள் என்று ஒரு கூட்டமாகச் சேர்த்து அதில் எழுதியிருந்தார்கள். (கூஸ்பெர்ரி என்றதும் நம் நெல்லிக்காய் நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் நெல்லியை 'இந்தியக் கூஸ்பெர்ரி' என்று அழைத்தார்களே அன்றி, இரண்டுக்கும் உறவில்லை, குடும்பமே வேறு.) இச்செடிகள் பூக்காமலும் காய்க்காமலும் போவது ஏன் என்று ஓர் அதிகாரம் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அதைப் படித்தேன். அப்படிப் படிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த அதிகாரம் உரத்தைப் பற்றியோ பூச்சியைப் பற்றியோ தொடங்கவில்லை. 'உன் செடி எந்தக் கிளையில் பூக்கும் என்று உனக்குத் தெரியுமா?' என்பதுதான் அதன் முதற் கேள்வி. கோடையில் காய்க்கும் ராஸ்பெர்ரியின் தண்டு ஓராண்டு வளரும். மறு ஆண்டு பூத்துக் காய்த்து மடியும். தோட்டத்தைத் துப்புரவு செய்வதாக எண்ணிக் குளிர்காலத்தில் எல்லாத் தண்டுகளையும் தரையோடு வெட்டியவனுக்கு மறு கோடையில் இலைதான் மிஞ்சும். இலையுதிர் காலத்தில் காய்க்கும் வகைக்கோ இதற்கு நேர் எதிர். அது அந்த ஆண்டுத் தண்டிலேயே காய்ப்பதால், தரையோடு வெட்டுவதுதான் முறை. பிளாக்கரண்ட் பெரும்பாலும் முந்தைய ஆண்டு வளர்ந்த இளங்கிளையில் காய்க்கும்.

அடுத்தது குளிர். இங்கிலாந்தில் வளர்க்கும் பிளாக்கரண்ட் வகைகள் பலவும் 7 பாகை செல்சியசுக்கும் குறைந்த குளிரில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உறங்கி எழுந்தால்தான் மொட்டு ஒழுங்காக விரியும். குளிர்காலம் வெதுவெதுப்பாகப் போய்விட்டால் செடி அரைத்தூக்கத்தில் எழுந்தவனைப் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். அதே செடி பூத்து நிற்கையில் ஓர் இரவு உறைபனி விழுந்தால் பூ கருகி அவ்வாண்டு விளைச்சல் போயிற்று. குளிர் வேண்டும், ஆனால் வேண்டிய மாதத்தில் வேண்டும். நம் ஊர் மழையின் கதையேதான்.

எங்கள் ஊர் நிலக்கோட்டைப் பக்கம். மல்லிகைக்குப் பேர்போன மண். என் தந்தையார் பிறருடைய தோட்டங்களில் கவாத்து வெட்டப் போகிறவர். நவம்பர் மாதக் கடைசியில் மல்லிகைச் செடிகளை முழங்கால் உயரம், ஏறத்தாழ 50 சென்டிமீட்டர், விட்டுவிட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்டித் தள்ளிவிடுவார்கள். அன்று மாலை தோட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு யாரோ பகைவன் புகுந்து அழித்துவிட்டுப் போனது போலத் தோன்றும். ஆனால் மாசி பிறக்கும்போது புதுத்தளிர் தோறும் அரும்பு கட்டியிருக்கும்.

ராஸ்பெர்ரிச் செய்தியை நான் அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பீடியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "மல்லி புதுத் தளிர்லதான மொட்டு வைக்கும்? அதனால மொட்டையடிக்கிறோம். அது பழைய குச்சியில காய்க்கிற சாதின்னா, வெட்டுனா எங்கிட்டுக் காய்க்கும்?" மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். நான் இரண்டு நாள் அகராதியோடு போராடி அறிந்ததை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்!

இனி என் காரணத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாதுளை நிற்கிறது. என் அப்பத்தா உயிரோடு இருந்தபோது, உறவினர் வீட்டிலிருந்து குச்சி ஒடித்து வந்து ஊன்றியது. ஆறு ஆண்டு ஆகியும் ஒரு பழம் பழுத்ததில்லை. செடியோ வாட்டசாட்டமாக, கூரையைத் தொடும் அளவுக்கு, கரும்பச்சை இலையும் பளபளப்புமாக நின்றது. பூக்காத செடியும் அன்று. ஆவணி புரட்டாசியில் குங்குமச் சிமிழ்களைக் கவிழ்த்து வைத்தாற்போல் பூத்துக் குலுங்கும். பூத்தவை பூத்தவாறே உதிர்ந்தும் போகும். காலையில் கொல்லையைப் பெருக்கினால் முறம் நிறையச் சிவப்பாக இருக்கும்.

காய்க்காத செடிக்கு ஊரில் சொல்லப்படும் வைத்தியங்கள் எல்லாம் அதற்கும் நடந்தன. பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள். விளக்குமாற்றால் அடித்தார்கள். ஒருவர் தண்டில் ஆணி அறையச் சொன்னார். (செருப்புக்கு அறிவியலில் இடமில்லை. ஆனால் கிளையின் பட்டையை மெல்லிய வளையமாக நீக்கினால் இலையில் உண்டாகும் உணவு கீழே இறங்காமல் மேலேயே தங்கும் என்பது உண்மை. திராட்சைத் தோட்டங்களில் பழம் பருக்க இதைச் செய்வதுண்டு. ஆணி அடித்தவரின் முன்னோர் யாரேனும் இதைப் பாதி கண்டிருக்கலாம்.) கடைசியில் மேலவீட்டுப் பெரியம்மா ஒரு நாள் வந்து, "மலட்டுச் செடிய வீட்டுல வச்சிருக்கக் கூடாதுய்யா. குடும்பத்துக்கு ஆகாது. வெட்டி அடுப்புல வைங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்போது துவைகல் அருகில் என் அத்தை துணி துவைத்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தங்கை. பிள்ளை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். பெரியம்மா கெட்டவர் அல்லர். அத்தையை நினைத்துச் சொன்னதும் அன்று. அத்தை ஒன்றும் பேசவில்லை. பிழிந்த துணியை உதறாமலே வாளியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் அப்பா அரிவாளைத் தீட்டியபோது, "அது பாட்டுக்கு நிக்கட்டும்ணே. நெழலாவது குடுக்குதுல்ல" என்று அத்தை சொன்னார். அப்பா அரிவாளைக் கூரையில் செருகினார். ஆனால் வெட்டுவதில்லை என்று சொல்லவில்லை. "பொங்கல் வரைக்கும் பாப்போம்" என்றார். அந்தக் கெடுவில்தான் நான் நூலகத்துக்குப் போனேன்.

மலடு என்ற சொல்லைத் தாவரவியலும் வைத்திருக்கிறது. ஆனால் அங்கே அதற்கு எல்லை உண்டு. நாம் உண்ணும் வாழை வகைகளில் பெரும்பாலானவை மும்மடியங்கள். குரோமோசோம்கள் மும்மூன்றாக இருப்பதால் விதை உண்டாவதில்லை. கருவுறாமலே காய் பருக்கிறது. வாழைப்பழத்தை நறுக்கினால் நடுவே தெரியும் கரும்புள்ளிகள் விதையாக முடியாமற்போன சூல்கள். பாடநூலின்படி மலடு என்று சொல்லத்தக்க தாவரம் நம் ஊரில் ஒன்று உண்டென்றால் அது வாழைதான். அதைத்தான் குலையோடு வெட்டி வந்து திருமணப் பந்தலின் வாசலில் கட்டுகிறோம்! இதைப் பெரியம்மாவிடம் நான் சொன்னபோது, "காலேசுக்குப் போயி இதத்தான் படிக்கிறியாக்கும்" என்றார்.

மலடு என்று சொல்லாதவர்கள் வேறொன்று சொன்னார்கள்: "அது ஆண் செடிப்பா." இதை எளிதில் தள்ளிவிட முடியாது. பனையில் ஆண் பனை வேறு, பெண் பனை வேறு. பத்தாண்டுக்கு மேல் வளர்ந்து பாளை விட்ட பிறகுதான் எது எது என்று தெரியும். பப்பாளியிலும் நீண்ட காம்புகளில் பூ தொங்கும் ஆண் மரம் உண்டு. ஆகவே ஆண் செடி என்று சொல்கிறவன் அறியாதவன் அல்லன்; கண்டதைச் சொல்கிறான். மாதுளையில் அப்படி உண்டா என்பதுதான் கேள்வி.

உதிர்ந்த பூக்களில் ஒரு கை அள்ளித் தாளில் பொதிந்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். பேராசிரியர் ஒரு பூவை எடுத்துச் சவர அலகால் நெடுக்காகப் பிளந்தார். தடித்த சிவப்புப் புல்லிக் குழல், உள்ளே கசங்கிய பட்டுப்போல அல்லிகள், எண்ணற்ற மகரந்தத்தாள்கள். ஆனால் நடுவில் இருக்க வேண்டிய சூல்தண்டு ஒரு துரும்பளவு முளைத்து நின்றுவிட்டிருந்தது. சூற்பையோ பெயருக்குத்தான் இருந்தது. "இன்று மாலை செடியிலேயே பார். எல்லாப் பூவும் இப்படியா என்று பார்த்து வா" என்றார் அவர். விடை தெரிந்தும் சொல்லாமல் அனுப்பினார் என்பது பின்னர்தான் புரிந்தது.

எல்லாப் பூவும் அப்படி இல்லை! ஒரே செடியில், சில சமயம் ஒரே கொத்தில், இரண்டு விதப் பூக்கள். ஒன்று மணி போன்றது: காம்பிலிருந்து கூம்பாக விரியும், அடி ஒடுங்கியிருக்கும். மற்றொன்று குடம் போன்றது: அடி பருத்து, இடை சற்றே ஒடுங்கி, வாய் விரிந்திருக்கும். அதைப் பிளந்தால் நெடிய சூல்தண்டு மகரந்தத்தாள்களின் உயரத்துக்கோ அதற்கு மேலோ எழும்பி நிற்கும். பருத்த அடிக்குள் சூல்கள் வரிசையாகத் தெரியும். குடப்பூதான் காயாகும். மணிப்பூ மகரந்தம் தருவதோடு தன் கடமை முடிந்து உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட பூக்களும் உண்டு. அவற்றில் சில காயாகும், ஆனால் காய் பெரும்பாலும் கோணலாக இருக்கும். வெட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை. அடியைப் பார்த்தால் போதும். கண் இருப்பவர் எவரும் காணலாம். ஆறு ஆண்டு அந்தப் பூக்களைப் பெருக்கித் தள்ளிய எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம்.

ஒரு வாரம் உதிர்ந்த பூக்களை எண்ணினேன். மொத்தம் 64. குடப்பூ 5. அவையும் ஏன் உதிர்ந்தன என்பது வேறு கதை.

ஆகவே ஆண் செடி என்று சொன்னவர்கள் பாதி உண்மையைத் தொட்டுவிட்டார்கள். மாதுளையில் ஆண் செடி இல்லை. ஆண் பூ இருக்கிறது. நன்கு காய்க்கும் செடியிலும் அது உண்டு. பாதிக்கு மேல்கூட இருப்பதுண்டு. வகைக்கு வகை, பருவத்துக்குப் பருவம், செடியின் ஊட்டத்துக்கு ஏற்ப அந்த விகிதம் மாறும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி 'இது காய்க்கும் செடியா?' என்பதன்று. 'இது ஏன் குடப்பூவை இவ்வளவு குறைவாகப் பூக்கிறது?' என்பதுதான். முதற் கேள்விக்கு அரிவாள் விடை சொல்லும். இரண்டாம் கேள்விக்குக் கொல்லையைச் சுற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்த்தேன். செடியின் மேற்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். பிற்பகல் வெயில் முழுவதையும் அது வாங்கிக்கொள்கிறது. செடியை ஒட்டியே ஆடு கட்டும் இடம். ஆண்டு முழுவதும் புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணில்தான். துவைகல்லிலிருந்து வரும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் நேரே அதன் தூருக்குப் போகின்றன. தூரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு இளங்கிளைகள் ஈட்டி போல நிமிர்ந்து கிளம்பியிருந்தன. சோறும் தண்ணீரும் கேட்காமலே கிடைக்கிற அந்தச் செடிக்குக் கவலை என்ன? இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே இருந்தது.

இதை 1918-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் க்ராஸ், க்ரேபில் என்ற இருவர் தக்காளிச் செடியை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். தழைச்சத்தும் ஈரமும் மிகுந்து, அதற்கு ஈடான மாவுச்சத்து செடியில் சேராதபோது செடி கொழுத்து வளரும், காய்க்காது. தழைச்சத்து மிகவும் குறைந்தாலும் காய்க்காது. இரண்டும் ஒத்து நிற்கும் நிலையில்தான் காய்ப்பு. பின்வந்த அறிஞர்கள் இந்த விகிதக் கணக்கு ஒன்றே போதாது, வளர்ச்சி ஊக்கிகளின் வேலையும் இதில் உண்டு என்று திருத்தினார்கள். ஆனாலும் ஆட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் வேப்ப நிழலில் நிற்கும் மாதுளைக்கு அந்தப் பழைய கணக்கு அப்படியே பொருந்துகிறது. நிழலில் மாவுச்சத்து எங்கிருந்து வரும்? ஒரு பழம் என்பது செடிக்குப் பெருஞ்செலவு. மணிப்பூ மலிவானது. கையில் முதல் இல்லாதவன் பெரிய கடை வைக்கத் துணியாததுபோலச் செடியும் மலிவான பூவோடு நிறுத்திக்கொள்கிறது.

மாதுளையைத் தொழிலாகப் பயிரிடும் மகாராட்டிரத்தில் இதை நன்கு அறிந்திருக்கிறார்கள். சோலாப்பூரில் மாதுளைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் ஒன்று 2005-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. விட்டால் ஆண்டில் பல தடவை சிறிது சிறிதாகப் பூக்கும் செடி இது. அப்படிப் பூக்க விடாமல் ஒரு பருவத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். இலை பழுத்து உதிர்கிறது, வளர்ச்சி நிற்கிறது, சேர்த்து வைத்த உணவு கிளையிலேயே தங்குகிறது. பிறகு மேல் மண்ணைக் கிளறி உரமிட்டுத் தண்ணீர் விட்டதும் செடி ஒருசேரப் பூக்கிறது. 'பகார்' என்பது அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர். சனவரி–பிப்ரவரியில் பூக்க வைப்பது ஒன்று, சூன்–சூலையில் ஒன்று, செப்டம்பர்–அக்டோபரில் ஒன்று என மூன்று பருவங்கள். தண்ணீர் எப்போது கிடைக்கும், சந்தையில் எப்போது விலை இருக்கும் என்று பார்த்துத் தேர்ந்துகொள்கிறார்கள். எலுமிச்சையிலும் இதே இயல்பு உண்டு. நன்றாகக் காய்ந்து கிடந்த எலுமிச்சை, மழை விழுந்ததும் கொத்துக் கொத்தாகப் பூப்பதைக் கண்டிருப்பீர்கள்.

இங்கிலாந்துச் செடிக்குக் குளிர் என்னவோ அதுவே நம் செடிக்கு வறட்சி என்று எனக்குப் பட்டது. இரண்டும் வளர்ச்சியை நிறுத்தி வைக்கின்றன. உள்ளே நடப்பது ஒன்றேயன்று. ஆனால் நிற்காத செடி பூப்பதை மறந்துவிடுகிறது. அப்பாவின் மொழியில் சொன்னால், "தின்னு கொழுத்தது பூக்குமா? செத்த வாட விடு."

தை பிறந்தது. அப்பா வைத்த கெடுவும் முடிந்தது. அரிவாளை நானே எடுத்துக் கொடுத்தேன். வேப்பங்கிளைகளை வெட்டச் சொன்னேன். அவர் வெட்டிப் போட்ட கிளைகளை ஆடுகள் இரண்டு நாள் தின்றன. ஆடுகளைக் கொல்லையின் கிழக்கு மூலைக்கு மாற்றினோம். தூரிலிருந்து கிளம்பிய ஈட்டிக் கிளைகளை நான்கு தடித்த தண்டுகள் நீங்கலாகக் களைந்தோம். துவைகல்லின் தண்ணீருக்கு அத்தை ஒருவரே மண்வெட்டி பிடித்துப் புதுவாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பிவிட்டார். மாதுளைக்கு அன்றோடு தண்ணீர் நின்றது.

இருபது நாளில் இலை மஞ்சளித்தது. ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் உதிர்ந்தது. பெரியம்மா வந்து பார்த்து, "வெட்டியிருந்தா வெறகாவது பச்சையா இல்லாம இருந்திருக்கும், இப்பக் கொல்லாமக் கொல்றீங்க" என்றார். வீட்டில் எல்லோருக்கும் அச்சம்தான். எனக்கும் இரவில் தூக்கம் சரியாக வரவில்லை. நூலில் படித்தது சோலாப்பூர்க் கரிசலுக்குச் சரி. எங்கள் கொல்லைச் செம்மண்ணுக்கும் சரியா என்று யார் உறுதி சொல்வார்? ஒவ்வொரு நாளும் நகத்தால் கிளையைக் கீறி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பச்சை இருந்தது. மாசிக் கடைசியில் மேல் மண்ணைக் கொத்தி, மக்கிய எருவோடு சிறிது சாம்பலும் கலந்து போட்டு, பாத்தி நிறையத் தண்ணீர் விட்டோம்.

பத்து நாளில் துளிர்த்தது. பங்குனி பிறந்த பிறகு பூத்தது. முன்போல முறம் முறமாக அன்று, எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் அதிகாலையில் அத்தை செடிக்கடியில் நின்று, "இங்க பாரு, அடி குண்டா இருக்கு. இது குடம். இதுவும் குடம்" என்று எண்ணிக்கொண்டிருந்தார். தேனீக்களும் வந்தன. அந்தப் பருவத்தில் பதினொரு காய் நின்றது.

பேராசிரியரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மகிழ்ந்தார். பிறகு, "எதனால் காய்த்தது? நிழல் போனதாலா, ஆடு போனதாலா, தண்ணீர் நின்றதாலா?" என்று கேட்டார். "மூன்றாலும் ஐயா." "அறிவியல் மாணவன் மூன்றையும் ஒரே நாளில் செய்யலாமா? ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொன்றாக அல்லவா மாற்றிப் பார்க்க வேண்டும்?" "அரிவாள் கூரையில் காத்திருக்கும்போது மூன்று ஆண்டு ஏது ஐயா?" என்றேன். சிரித்துவிட்டார்.

காய் நின்றதோடு கவலை நிற்கவில்லை. மாதுளைக்கென்றே ஒரு பட்டாம்பூச்சி இருக்கிறது. நீலமும் பழுப்புமான அழகிய சிறு பூச்சி. டியூடோரிக்ஸ் ஐசோக்ரேட்டிஸ் என்று வாய் நிறையப் பெயர். பூவிலும் பிஞ்சிலும் முட்டையிடும். புழு துளைத்து உள்ளே சென்று விதைகளைத் தின்னும். தன் உடலின் பின்முனையாலேயே துளையை அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் காய் நலமாகவே இருக்கும். நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். மூன்று காய் அப்படிப் போயிற்று. மீந்தவற்றுக்கு அத்தை அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சிறு பைகளாகத் தைத்துக் கட்டிவிட்டார். தோட்டக்கலைத் துறையினர் சொல்லும் முறையும் அதுவே. தெருவில் போகிறவர்கள் "செடிக்கு என்ன, அடிபட்டுப்போச்சா?" என்று கேட்டார்கள். ஒன்றை அணில் பை கிழித்துத் தின்றது. ஆவணி கடைசியில் ஏழு பழம் பறித்தோம். பூத்ததிலிருந்து ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைப்பழம் போலப் பெரியதன்று, முத்துகள் இளஞ்சிவப்பு, சற்றே புளிப்பு. எனக்குப் பிடித்திருந்தது.

சென்ற மாதம் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டு எலுமிச்சை பூக்கவே இல்லையாம். நான் புத்தகப் பையோடு பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "விதை போட்டு வந்ததா, கன்று வாங்கினதா?" என்று அத்தை கேட்டார். விதை போட்டு மூன்று வருடம் என்றார் பெரியம்மா. விதையிலிருந்து வரும் எலுமிச்சை பூக்க நான்கு ஐந்து ஆண்டு ஆகும் என்று அத்தைக்கு நான் எப்போதோ சொன்னது நினைவிருந்தது போலும். "அதுக்கு இன்னும் வயசாகலைக்கா" என்றபடி அத்தை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "நெழல் இருக்கான்னு மட்டும் பாப்போம், வாங்க." இருவரும் மேலவீட்டுக் கொல்லைப் பக்கம் போனார்கள். எனக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.